கலாம் தனியாளாக ஏவுகணை செய்தாரா? தற்சார்பின் உண்மைக் கணக்கு

கேள்வி இது: "இந்தியாவின் ஏவுகணைகளை அப்துல் கலாம்தான் உருவாக்கினார் என்று பள்ளியில் படித்தோம். எல்லாமே ரஷ்யாவைப் பார்த்துக் காப்பியடித்தது என்று இன்னொரு பக்கம் அடித்துச் சொல்கிறார்கள். எது சரி? 'முற்றிலும் உள்நாட்டுத் தயாரிப்பு' என்று செய்தி வந்தால் எந்த அளவுக்கு நம்பலாம்?"

இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1982-ல் கலாம் ஹைதராபாத்தில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் ஏவுகணை ஆய்வகமான டி.ஆர்.டி.எல்.-க்கு இயக்குநராகப் போனபோது, நாட்டில் என்னென்ன கைவசம் இருந்தன, என்னென்ன இல்லை என்பதைப் பார்த்தால் கதை தானாக விளங்கும். ஏற்கெனவே இருந்தவற்றை வைத்துக் கட்டப்பட்ட பிரித்வி, அக்னி ஆகிய இரண்டு ஏவுகணைகள் திட்டம் தொடங்கி ஆறே ஆண்டுகளில் பறந்தன. இல்லாதவற்றை நம்பியிருந்த மூன்றில் ஆகாஷ், நாக் இரண்டும் பல பத்தாண்டுகள் இழுத்தன, திரிசூல் கைவிடப்பட்டது. ஐந்துக்கும் தலைமை ஒன்றுதான், அமைப்பு ஒன்றுதான், பணம் வந்த பை ஒன்றுதான். ஆகவே வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது.

முதலில் காப்பி விவகாரம்.

1970-களின் தொடக்கத்தில் டி.ஆர்.டி.எல். 'டெவில்' என்றொரு திட்டம் நடத்தியது. சோவியத்திடமிருந்து வாங்கிய எஸ்.ஏ.-2 விமான எதிர்ப்பு ஏவுகணையைப் பிரித்துப்போட்டு, பாகம் பாகமாக இங்கேயே செய்து பார்ப்பது வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சுலபமான குறுக்குவழியாகத் தெரியும். செய்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். ஒரு பாகத்தை மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் அந்த ஒரு பாகத்தின் அளவுதான் கிடைக்கும். வடிவமைத்தவர் எத்தனை மைக்ரான் கூடுதல் குறைவை அனுமதித்தார் என்பது அதில் எழுதியிருக்காது. உலோகத்தை ரசாயனப் பரிசோதனை செய்தால் என்னென்ன தனிமங்கள் எத்தனை சதவீதம் என்று தெரியும். எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் சூடேற்றி எப்படிக் குளிர்வித்தார்கள் என்பதை, கடினத்தன்மையையும் நுண்ணோக்கியில் தெரியும் மணிகளின் அமைப்பையும் வைத்து ஊகிக்க வேண்டும். ரப்பர் சீல் என்றால் இன்னும் மோசம். அமிலத்தில் ஐந்து ஆண்டுகள் ஊறினாலும் உப்பாத ரப்பரின் செய்முறையை அந்த ரப்பரே சொல்லாது.

டெவிலிலிருந்து முழு ஏவுகணை வெளிவரவில்லை. 1980 வாக்கில் திட்டம் மூடப்பட்டது. தோற்ற திட்டம் என்று பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் அது மூன்று டன் உந்துவிசையுள்ள திரவ எரிபொருள் எஞ்சின் ஒன்றை விட்டுச்சென்றது. அதைச் செய்யவும் எரித்துச் சோதிக்கவும் தெரிந்த ஆட்களையும், சோதனை மேடைகளையும் விட்டுச்சென்றது. பிரித்வியின் அடியில் இருக்கும் இரட்டை எஞ்சின்கள் அந்த வம்சம்தான். எனவே பிரித்வி எஞ்சினின் பூர்வீகம் சோவியத் என்று சொன்னால் தவறில்லை. ஏவுகணையே காப்பி என்றால் தவறு: எஸ்.ஏ.-2 விமானத்தை அடிப்பது, பிரித்வி தரையிலிருந்து தரைக்குப் பாய்வது. வழிகாட்டும் முறை, உடலமைப்பு, போர்முனை எல்லாமே வேறு.

இன்னொரு பூர்வீகச் சொத்து விண்வெளித் துறையிலிருந்து வந்தது. கலாம் தலைமையில் இஸ்ரோ செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட்: 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்கும் திட எரிபொருள், சுமக்கும் திறன் 40 கிலோ, சுமந்தது ரோகிணி செயற்கைக்கோள். 1980 ஜூலை 18 அன்று அது வெற்றி பெற்றபோது, ஒரு மீட்டர் விட்டமும் பத்து மீட்டர் நீளமும் கொண்ட திட எரிபொருள் மோட்டாரை வார்த்து, உறைய வைத்து, எக்ஸ்ரே எடுத்து, எரிக்கத் தெரிந்த நாடாக இந்தியா ஆகியிருந்தது. திட எரிபொருளில் எது கெடும் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று இடங்கள். உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிடுவது, உறையும்போது சுருங்கி விரிசல் விடுவது, எரிபொருளுக்கும் உறைச்சுவரின் காப்புப் பூச்சுக்கும் இடையிலான ஒட்டு விட்டுப்போவது. எந்த ஒன்று நடந்தாலும் தீ எதிர்பாராத பரப்பில் பற்றும், அழுத்தம் ஏறும், உறை வெடிக்கும். திரவ எஞ்சினை வால்வை மூடி நிறுத்தலாம். திட மோட்டாரைப் பற்றவைத்தால் பற்றவைத்ததுதான். அதனால் இங்கே தரச்சோதனைதான் பாதித் தொழில்நுட்பம்.

இப்போது 1983-க்கு வருவோம். கலாம் குழு வைத்த முன்மொழிவு, ஏவுகணைகளைக் கட்டம் கட்டமாகச் செய்வது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர், நம் ராஜாமடத்துக்காரரான ஆர். வெங்கட்ராமன், ஒன்றன்பின் ஒன்றாக வேண்டாம், ஐந்தையும் ஒரே திட்டமாக எடுங்கள் என்றார். பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர் வி.எஸ். அருணாசலம். 388 கோடி ரூபாய்க்கு அரசு ஒப்புதல் அளித்தது. பிரித்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி ஆகிய ஐந்தும் 'ஒருங்கிணைந்த வழிகாட்டு ஏவுகணை வளர்ச்சித் திட்டம்' என்ற ஒரே குடைக்குள் வந்தன. அக்னியை அப்போது ஆயுதம் என்றே சொல்லவில்லை, தொழில்நுட்பச் செயல்விளக்கம் என்றுதான் காகிதத்தில் இருந்தது.

கலாமின் தலைமை எங்கே தெரிகிறது என்றால், எஞ்சின் வரைபடத்தில் தெரியாது. ஆட்களை நியமித்ததில் தெரியும். பிரித்விக்குத் தரைப்படையின் கர்னல் வி.ஜே. சுந்தரம், கடற்படை ஆர்வம் காட்டிய திரிசூலுக்குக் கடற்படையின் கமோடோர் எஸ்.ஆர். மோகன், அக்னிக்கு ஆர்.என். அகர்வால், ஆகாஷுக்குப் பிரகலாதா, நாகுக்கு என்.ஆர். ஐயர். பயன்படுத்தப்போகிறவனின் சீருடையைப் போட்டவரே செய்கிற இடத்தில் உட்கார்ந்தால், 'எங்களுக்கு வேண்டியது இது இல்லை' என்ற பேச்சு பத்து ஆண்டு கழித்து வராது, முதல் மாதமே வந்துவிடும்.

அடுத்தது, வேலையை வெளியே கொடுத்தது. இந்த நாட்டின் அரசு ஆய்வகங்கள் பொதுவாகத் தம் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவை. அதை உடைத்தது பெரிய காரியம். ஆகாஷின் வான் பாதுகாப்பு மென்பொருளை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதுநிலை மாணவர்கள் எழுதினார்கள். வழிகாட்டுக் கணிதத்தில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் பங்கெடுத்தது. நாகுக்கான சமிக்ஞை செயலாக்கத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகம். அக்னி மீண்டும் வளிமண்டலத்தில் நுழையும் பகுதியின் வடிவமைப்பு முறையைச் சென்னை ஐ.ஐ.டி. இளைஞர்கள் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் விஞ்ஞானிகளோடு சேர்ந்து உருவாக்கினார்கள். சம்பளம் கொடுக்காமல் ஆயிரம் மூளைகளைச் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு என்று சொல்லலாம்.

பிரித்வி 1988 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. ஒரு டன் சுமையோடு 150 கிலோமீட்டர். அக்னி 1989 மே 22 அன்று சந்திப்பூரிலிருந்து. அந்த முதல் அக்னியின் உள்ளே பார்த்தால் சிரிப்பு வரும், மரியாதையும் வரும். கீழடுக்கு எஸ்.எல்.வி.-3-ன் திட மோட்டார். மேலடுக்கு பிரித்வியைக் குட்டையாக்கிய திரவ எஞ்சின். வெள்ளைத்தாளில் புதிதாக வரையும் எவரும் இப்படி ஒரு கலப்பைப் போடமாட்டார்கள். மேலடுக்குக்கு எரிபொருளை எரிக்க உதவும் அமிலம் நிரப்ப வேண்டும், நிரப்பியபின் அதிக நாள் வைத்திருக்க முடியாது, போர்க்களத்துக்கு உதவாது. ஆனால் அலமாரியில் இருந்தது இந்த இரண்டும்தான். நீண்ட தூர ஏவுகணையில் உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது மறுநுழைவு ஒன்று. மற்றதையெல்லாம் இருப்பதை வைத்து ஒப்பேற்றிவிட்டு அந்த ஒன்றில் கவனத்தைக் குவித்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1999 ஏப்ரல் 11-ல் பறந்த அக்னி-2 இரண்டு அடுக்குமே திட எரிபொருள். ஒப்பேற்றியதை அப்போது மாற்றிக்கொண்டார்கள்.

மறுநுழைவு ஏன் தனிக் கலை? ஆயிரம் கிலோமீட்டர் போகிற பொருள் உச்சியிலிருந்து திரும்பும்போது விநாடிக்கு மூன்று கிலோமீட்டர் அளவு வேகத்தில் காற்றில் மோதுகிறது. மூக்கு முனையில் வெப்பம் 3000 டிகிரி செல்சியஸை நெருங்கும். இரும்பு 1538-லேயே உருகிவிடும். உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகள் நம் உடல் சூட்டைவிடச் சற்றே கூடுதலான வெப்பத்தில் இருந்தாக வேண்டும். இதற்குக் கார்பன் இழையையே சட்டமாகவும் கார்பனையே நிரப்புப் பொருளாகவும் கொண்ட கார்பன்-கார்பன் கலவை தேவை. இழையைப் பின்னி, பிசினோ கீலோ ஏற்றி, ஆக்சிஜன் படாமல் சுட்டால் பிசின் கரியாகும், ஆனால் துளை துளையாக நிற்கும். மறுபடி ஏற்றி மறுபடி சுட வேண்டும். இப்படிப் பல சுற்று. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி அடுக்குகளைப் பிளந்துவிடும். ஒரு துண்டுக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். கடைசிச் சுற்றில் விரிசல் தெரிந்தால் எல்லாம் குப்பை. (இதே கலவைப்பொருள் அனுபவத்திலிருந்துதான் போலியோ பாதித்த குழந்தைகளுக்கு 3, 4 கிலோ இரும்புக் கால்தாங்கிக்குப் பதிலாக 300 கிராம் கால்தாங்கி வந்தது. ஏவுகணை ஆய்வகத்தின் உபரி விளைவுகளில் விவாதமில்லாமல் நல்லது அது ஒன்று.)

மறுப்புப் பட்டியல்

1987 ஏப்ரலில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய ஏழு நாடுகள் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொடங்கின. 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டர் கொண்டுபோகக்கூடிய எதற்கும் உதவும் பொருளையோ அறிவையோ விற்பதில்லை என்பது சாரம். இந்தியாவில் அப்போது பிரித்வி இன்னும் பறக்கவில்லை, அக்னி தரையில் இருந்தது. ஆர்டர் கொடுத்திருந்த பொருள்கள் வராமல் நின்றன. பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் முழு ஏவுகணைகள் இல்லை. எஃகுத் தகடு, சுழற்சியை உணரும் கைரோ, வேகமான கணினி, நுண்வால்வு, இழைத்துணி. இங்கேதான் தற்சார்பு என்ற சொல்லுக்குச் சரியான பொருள் கிடைக்கிறது. எல்லாவற்றையும் தானே செய்வது எந்த நாட்டுக்கும் முடியாது, தேவையும் இல்லை. அடுத்தவன் 'இல்லை' என்று சொன்னால் வேலை நின்றுபோகும் இடங்கள் எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் தற்சார்பு. போல்ட்டையும் நட்டையும் இறக்குமதி செய்தால் குடி முழுகாது, பத்து நாட்டில் கிடைக்கும். ஏவுகணையின் மூக்கிலிருந்து இலக்கைத் தானே தேடிப் பிடிக்கும் தேடுமுனையின் உணர்கருவி மூன்று நாட்டில்தான் கிடைக்கும் என்றால், எடையில் அது சில கிராம் இருந்தாலும் கழுத்துச் சுருக்கு அங்கேதான் இருக்கிறது.

எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எல்.வி.-3-ன் முதல் அடுக்கு உறை 15 சி.டி.வி. 6 என்ற குரோமியம்-மாலிப்டினம்-வனேடியம் எஃகு. அது சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ தாங்கும். மாரேஜிங் எஃகு, 250 ரகம், சுமார் 175 கிலோ தாங்கும். அதாவது அதே அழுத்தத்துக்கு உறையின் தடிமனை ஏறக்குறைய பாதிக்குக் கொண்டுவரலாம். 18 சதவீதம் நிக்கல், 8 அளவில் கோபால்ட், 5 அளவில் மாலிப்டினம், கொஞ்சம் டைட்டானியம், கார்பன் 0.03 சதவீதத்துக்குக் கீழே. சாதாரண எஃகுக்கு வலு கொடுப்பது கார்பன். இதில் கார்பன் எதிரி. 480 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்தால் நிக்கலும் மாலிப்டினமும் டைட்டானியமும் நுண்படிவுகளாகப் பிரிந்து வலுவைத் தருகின்றன. புத்தகத்தில் இந்த விவரம் எல்லாருக்கும் கிடைக்கும். எங்கே சறுக்கும் என்றால் சுத்தத்தில். துளி நைட்ரஜனோ கார்பனோ மிஞ்சினால் டைட்டானியத்தோடு சேர்ந்து கூரிய துகளாகி, விரிசலுக்கு விதை போட்டுவிடும். அதனால் வெற்றிடத்தில் ஒரு முறை உருக்கி, வெற்றிடத்திலேயே மறுபடியும் உருக்க வேண்டும். ஹைதராபாத்தில் 1973-ல் தொடங்கப்பட்ட மிதானி நிறுவனம் இதைச் செய்துகாட்டியது. பின்னாளில் 2.8 மீட்டர் விட்டமுள்ள பி.எஸ்.எல்.வி. முதல் அடுக்கின் உறையே அந்த எஃகில்தான் வந்தது. 1973-ல் அந்த ஆலையைத் தொடங்கியவர்கள் 1987-ன் தடையைக் கனவு கண்டிருக்க முடியாது. தொலைநோக்கு என்று இப்போது நாம் பெயர் வைப்பவற்றில் பாதி இப்படி முன்கூட்டியே போட்ட அடித்தளம்தான்.

கைரோவின் கதை வேறு. வழிகாட்டும் கருவி ஏவுகணையின் வேகத்தையும் திசையையும் தானே உணர்ந்து கணக்கிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குத் திசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் இலக்கிலிருந்து ஒரு கிலோமீட்டர் விலகும். எஞ்சின் அணையும் கணத்தில் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் கூடிப்போனால், எளிய எறிபொருள் கணக்குப்படியே 600 மீட்டருக்கு மேல் தள்ளி விழும். மூவாயிரத்தில் ஒன்றைத் தவறவிட்டதற்கு இந்தத் தண்டனை. அப்படிப்பட்ட துல்லியமான கைரோவை யாரும் விற்க மாட்டார்கள். 1980-களின் நடுவில் ஹைதராபாத்தின் புறத்தில் தொடங்கிய இமாரத் ஆய்வு மையம் எடுத்துக்கொண்ட வேலைகளில் இது முக்கியமானது. லேசர் வளையக் கைரோவில் ஒளி எதிரெதிர்த் திசைகளில் சுற்றுகிறது. சுழற்சி குறைந்தால் இரண்டு கதிர்களும் ஒன்றோடொன்று 'பூட்டிக்கொண்டு' கருவி சுழற்சியே இல்லை என்று பொய் சொல்லும். கண்ணாடியின் மேற்பரப்பு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு குறைவாகப் பூட்டும். மிச்சப் பூட்டலை வெல்லக் கருவியையே மெல்ல அதிரவைத்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடி மெருகில் தொடங்கி வரும் பிரச்சினை என்பதால், ஆண்டுக்கணக்கில் பொறுமை கேட்கிற வேலை.

ஆகாஷின் ராஜேந்திரா ரேடாருக்கு வேறொரு பொருள் தடைப்பட்டது: ஃபேஸ் ஷிஃப்டர். தட்டைத் திருப்பாமலே கதிரைத் திருப்பும் ரேடாரில் சுமார் 4000 நுண் அலகுகள் இருக்கும். ஒவ்வொன்றும் அலையைத் தன் பங்குக்குச் சற்றே தாமதப்படுத்தும். டெல்லி ஐ.ஐ.டி. ஃபெரைட் அடிப்படையில் வடிவமைத்தது, சாஹிபாபாத்தின் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தி செய்தது. ஒன்று செய்வது கல்லூரி ஆய்வுக்கூட வேலை. நாலாயிரம் செய்து, அத்தனையும் வெயிலிலும் குளிரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வைப்பது தொழிற்சாலை வேலை. ஃபெரைட் தொகுதிக்குத் தொகுதி மாறினால் கதிர் பக்கவாட்டில் சிதறி, இல்லாத இடத்தில் விமானம் காட்டும்.

தோல்வியைக் கையாண்ட விதம்

தலைமைப் பண்பு என்று மேடையில் பேசுபவர்கள் எல்லோரும் 1979 ஆகஸ்ட் 10-ஐச் சொல்வார்கள். எஸ்.எல்.வி.-3-ன் முதல் பயணம் 317 விநாடியில் வங்காள விரிகுடாவில் முடிந்தது. பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். அடுத்த ஆண்டு வெற்றிபெற்றபோது கலாமைப் பேச அனுப்பினார். நெகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் பொறியியல் பாடம் அதற்கு முன்பே இருக்கிறது. இரண்டாம் அடுக்கின் திசைக் கட்டுப்பாட்டு அமைப்பில் புகையும் நைட்ரிக் அமிலம் இருந்தது. ஏவுவதற்கு 8 நிமிடம் முன்பே ஒரு சோலினாய்டு வால்வு தூசி சிக்கித் திறந்த நிலையில் நின்றுவிட்டது. அமிலம் கசிந்துகொண்டே இருந்தது. கணினி நிறுத்தச் சொன்னது. போதுமான அமிலம் மிச்சம் இருக்கிறது என்று நிபுணர்கள் கணக்குச் சொல்ல, கணினியைத் தாண்டி ஏவச் சொன்னவர் கலாம். இரண்டாம் அடுக்கு எரிந்த நேரத்தில் திசை திருப்ப அமிலம் இல்லை. ஒரு தூசி.

பத்து ஆண்டு தள்ளி 1989-க்குப் போங்கள். ஏப்ரல் 20: அக்னியின் எண்ணிக்கை 14 விநாடி மிச்சமிருக்கும்போது கணினி நிறுத்தியது. மே 1: 10 விநாடி மிச்சம், முதல் அடுக்கின் உந்துதிசைக் கட்டுப்பாட்டில் கோளாறு, மறுபடி நிறுத்தம். டெல்லி காத்துக்கொண்டிருந்தது, வெளிநாட்டு அழுத்தம் இருந்தது, பத்திரிகைகளில் கேலிப்படங்கள். அக்னிக்கு எரிபொருளாக எங்கள் வெண்ணெயைப் போடுங்கள் என்று அமுல் விளம்பரமே போட்டது. இந்த முறை கணினியை யாரும் தாண்டவில்லை. பழுதைக் கண்டுபிடித்து மாற்றி, மூன்று வாரம் கழித்து ஏவினார்கள். முதல் சம்பவத்தையும் இதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதர் என்ன கற்றார் என்பது தெரியும். 1992 மே 29-ல் அக்னியின் இரண்டாம் சோதனை தோற்றது, 1994 பிப்ரவரி 19-ல் மூன்றாவது வென்றது. ஐந்து ஆண்டில் மூன்றே சோதனை என்பது, தொழில்நுட்பத்தைவிட அரசியல் தயக்கத்தைத்தான் அதிகம் காட்டுகிறது.

மற்ற மூன்றின் கணக்கு

திரிசூல் குறுகிய தூர விமான எதிர்ப்பு ஏவுகணை. கடலைத் தொட்டுக்கொண்டு பறந்துவரும் ஏவுகணையைக் கப்பலிலிருந்து அடிக்க வேண்டும் என்பது கடற்படையின் தேவை. மூன்று கதிர்களால் வழிகாட்டும் முறை. ஒரு கதிரிலிருந்து அடுத்த கதிருக்கு ஏவுகணையைக் கைமாற்றும்போது பிடி நழுவிக்கொண்டே இருந்தது. கடல்மட்டத்தில் அலையே ரேடாரை எதிரொலியால் குழப்பும். கடற்படை காத்திருந்து பார்த்து இஸ்ரேலின் பராக்கை வாங்கியது. 2008-ல் திரிசூல் தொழில்நுட்பச் செயல்விளக்கம் என்ற பெயரோடு முடித்துவைக்கப்பட்டது. ஒருங்கிணைந்த திட்டம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டதும் அந்த ஆண்டு ஜனவரியில்தான்.

நாக், டாங்கியை அடிப்பது. 'ஏவு, மற' என்ற வகை: டாங்கியின் வெப்பப் படத்தைப் பார்த்துத் தானே பின்தொடர வேண்டும். இதற்கு அகச்சிவப்புக் கதிரை உணரும் நுண்புள்ளிகள் அடுக்கிய உணர்கருவி வேண்டும். அது மறுப்புப் பட்டியலில் உச்சியில் இருந்த பொருள். கிடைத்த உணர்கருவியோடு ராஜஸ்தான் கோடையில் சோதித்தபோது வேறு சிக்கல் வந்தது. நடுப்பகலில் மணலும் டாங்கியும் ஒரே சூட்டில் இருக்கும். வெப்ப வித்தியாசம் இல்லையென்றால் வெப்பப் படத்தில் டாங்கியே இல்லை. அதிகாலையில் நெடுந்தூரத்துக்குத் தெரிந்த இலக்கு மதியம் பாதி தூரத்தில் மறைந்துபோனது. இன்னும் நுண்ணிய வித்தியாசத்தைப் பிரித்தறியும் உணர்கருவி வரும்வரை இதற்கு மென்பொருளால் தீர்வு இல்லை. கடைசிப் பயன்பாட்டுச் சோதனை 2020 அக்டோபர் 22-ல் பொக்ரானில் முடிந்தது. 37 ஆண்டுகள்.

தரையிலிருந்து விமானத்தை அடிக்கும் ஆகாஷ் நடுவில் நிற்கிறது. 720 கிலோ எடை, 25 கிலோமீட்டர் தூரம், 1990-ல் முதல் பறப்பு. ஆனால் படைகளில் முறையாகச் சேர்ந்தது 2015. அதன் ராம்ஜெட் எஞ்சின் காற்றை வெளியிலிருந்து எடுத்துக்கொள்வதால் இலக்கை அடையும்வரை உந்துதல் இருக்கும். ஏவுகணை திடீரென்று வளையும்போது காற்று உள்ளே போகும் வழி பாதிக்கப்பட்டால் தீ அணையும். அதைச் சரிசெய்யப் பல ஆண்டு. தேடுமுனையை ஏவுகணைக்குள் வைக்காமல் தரையிலிருக்கும் ரேடாரே கட்டளை அனுப்பும் முறையைத் தேர்ந்தார்கள். பழைய முறை என்று குறை சொன்னவர்கள் உண்டு. என் கணிப்பில் அதுதான் ஆகாஷைக் காப்பாற்றியது: கைக்கு எட்டாத பாகத்தை வடிவமைப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். நாகுக்கு அந்த வசதி இல்லை.

அளப்பது எப்படி

1992-ல் கலாம் அறிவியல் ஆலோசகரானபின் அவர் தலைமையிலான குழு ஒன்று, பாதுகாப்புக் கொள்முதலில் உள்நாட்டுப் பங்கு 30 சதவீதம், 2005-க்குள் 70 ஆக்குவோம் என்றது. அது நடக்கவில்லை. இலக்கு தவறியதைவிட அளவுகோலே கோணல் என்பது முக்கியம். ரூபாய்க் கணக்கில் 96 சதவீதம் உள்நாடு என்று பெருமைப்படலாம், மிச்சம் 4 சதவீதம் தேடுமுனைச் சில்லாக இருந்தால் அந்த 96-ஐ அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே 'முற்றிலும் உள்நாட்டுத் தயாரிப்பு' என்று செய்தி படித்தால் நான்கைத் தேடுங்கள். எஞ்சின் அல்லது மோட்டார் எங்கே செய்தது? கைரோ யாருடையது? தேடுமுனை இருந்தால் அதன் உணர்கருவி எங்கிருந்து வந்தது? மோட்டார் உறையின் மூலப்பொருள் எந்த ஆலையில் உருக்கியது? வெளிப்பெட்டி, ஏவுவண்டி, பெயின்ட் எல்லாம் உள்நாடு என்பது பெரிய விஷயம் இல்லை.

பிரம்மோஸை இந்த நான்கில் ஓட்டிப் பாருங்கள். 1998-ல் கூட்டு நிறுவன ஒப்பந்தம், பங்கு இந்தியா 50.5, ரஷ்யா 49.5 சதவீதம், முதல் தலைமை நிர்வாகி ஏ. சிவதாணுப் பிள்ளை, முதல் பறப்பு 2001 ஜூன் 12. தூரத்தை 290 கிலோமீட்டர் என்று வைத்ததற்குக் காரணம் ரஷ்யா அந்த 300 கிலோமீட்டர்க் கட்டுப்பாட்டில் உறுப்பினர் என்பது. தொடக்கத்தில் ராம்ஜெட் எஞ்சினும் தேடுமுனையும் ரஷ்யாவுடையவை. வழிகாட்டலும் மென்பொருளும் பெரும்பாலும் இங்கேயிருந்து. மேற்சொன்ன கேள்விகளில் அது அன்று பாதி மதிப்பெண்தான் வாங்கியிருக்கும். 2016 ஜூன் 27-ல் இந்தியாவே அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பில் சேர்ந்தது, தூரம் கூட்டத் தடை விலகியது. 2018 மார்ச் 22-ல் உள்நாட்டுத் தேடுமுனையோடு பிரம்மோஸ் பொக்ரானில் பறந்தது. போர் விமானத்திலிருந்து ஏவும் அஸ்த்ரா ஏவுகணையும் ரஷ்யத் தேடுமுனையோடு தொடங்கியது. 2025 ஜூலை 11-ல் ஒடிசா கடலோரத்தில் சுகோய்-30-லிருந்து ஏவிச் சோதித்ததில் இருந்தது உள்நாட்டுத் தேடுமுனை. அன்றைய செய்திகளில் பல, வெற்றி என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டன. தலைப்பில் வந்திருக்க வேண்டிய சொல் தேடுமுனை.